தேர்தலைப் படிப்பதே வேலையாக: குடியாத்தம் மாணவிக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான்: “குடியாத்தத்தில் இருந்து எழுதுகிறேன். பி.ஏ. வரலாறு கடைசி ஆண்டு. தேர்தல், கட்சிகள், சட்டமன்றம், தேர்தல் ஆணையம் இவற்றை ஆராய்வதையே வாழ்க்கைத் தொழிலாக வைத்துக்கொள்ள ஆசை. ‘கட்சியில் சேரப் போகிறாயா?’ என்று அப்பா பயப்படுகிறார். இப்படி ஒரு தொழில் உண்மையிலேயே இருக்கிறதா? வேலூர்ப் பக்கம் இருந்துகொண்டு எங்கே தொடங்குவது? கணக்கு எனக்கு அவ்வளவாக வராது. அது தடையாகுமா?”

இருக்கிறது. நான் செய்துகொண்டிருப்பதே அந்த வேலைதான். ஆர்க்காட்டுப் பக்கம் பிறந்து வளர்ந்து, இப்போது வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் அரசியல் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். தேர்தல்களும் உள்ளாட்சி அமைப்புகளும்தான் என் ஆராய்ச்சி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நெட் தேர்வு (கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் தகுதி பார்க்கும் தேசியத் தேர்வு), உதவித்தொகை, வேலை எல்லாம் பிற்பாடு வரும். அதற்கு முன் இந்தப் படிப்பு என்ன மாதிரியானது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் தேர்தலைப் பற்றிப் பேசத் தெரியாதவர் யாருமில்லை. குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள், எந்த வார்டில் எந்தச் சாதிக்கு எத்தனை ஓட்டு, போன தடவை யார் எவ்வளவு கொடுத்தார்கள், எந்தக் கூட்டணி அமைந்தால் யார் தேறுவார்கள் என்று அத்தனையும் காதில் விழுந்துவிடும். இந்தப் பேச்சை நான் மிகவும் மதிக்கிறேன். பல வெளிநாட்டு ஆய்வாளர்கள் இங்கே வந்து மாதக்கணக்கில் தங்கித் தெரிந்துகொள்வது உங்களுக்குச் சும்மாவே தெரியும். ஆனால் அந்தப் பேச்சு எங்கே முடிகிறதோ அங்கேதான் நம் வேலை ஆரம்பிக்கிறது. ‘காசுதான் ஜெயிக்க வைத்தது’ என்று ஒருவர் சொன்னால், அது எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டும். எது நடந்திருந்தால் அந்த விளக்கம் தப்பு என்று ஒத்துக்கொள்வோம் என்றும் கேட்க வேண்டும். இரண்டு பக்கமும் காசு இறக்கிய ஊரிலும் ஒரு பக்கம்தானே ஜெயிக்கிறது? அடுத்து யார் வருவார் என்று முன்கூட்டிச் சொல்வது இந்தத் துறையின் ஓரத்தில் இருக்கும் சின்ன வேலை. டிவிக்கு அது வேண்டியிருப்பதால் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இதை உங்கள் தொகுதியை வைத்தே காட்டுகிறேன். 2019இல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கும். ஏப்ரல் 18 அன்று வாக்குப்பதிவு. கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டதால், தேர்தல் ஆணையத்தின் பரிந்துரையை ஏற்றுக் குடியரசுத் தலைவர் ஏப்ரல் 16 அன்று தேர்தலை ரத்து செய்தார். பணப் பட்டுவாடா காரணமாக ஒரு மக்களவைத் தேர்தல் ரத்தானது இந்தியாவில் அதுதான் முதல் முறை. பிறகு ஆகஸ்ட் 5 அன்று வாக்குப்பதிவு நடந்தது. திமுக 8,141 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. மே மாதம் எண்ணப்பட்ட மற்ற 38 தொகுதிகளில் 37 அதே கூட்டணிக்குப் போயின. பக்கத்துத் தொகுதிகளான அரக்கோணத்திலும் திருவண்ணாமலையிலும் வித்தியாசம் மூன்று லட்சத்தைத் தாண்டியது. அங்கே மூன்று லட்சம், இங்கே எட்டாயிரம். ஏன்?

டீக்கடையில் உடனே நாலைந்து பதில் கிடைக்கும். ஆகஸ்டில் மத்தியில் ஆட்சி அமைந்துவிட்டது, யார் பிரதமர் என்ற கேள்வியே இல்லை, அதனால் அலை அடங்கிவிட்டது என்பார் ஒருவர். எதிரணி வேட்பாளர் 2014இலும் இங்கேயே வேறு சின்னத்தில் நின்று இரண்டாம் இடம் வந்தவர், அவருக்கென்று சொந்த ஓட்டு உண்டு என்பார் இன்னொருவர். அமமுகவும் மக்கள் நீதி மய்யமும் ஆகஸ்டில் போட்டியிடவில்லை, அந்த ஓட்டெல்லாம் எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமே என்பார் மூன்றாமவர். ஒரே ஒரு தொகுதியில் தேர்தல் என்றதும் மாநிலத்தின் மொத்த அமைச்சர் படையும் எதிர்க்கட்சித் தலைவர்களும் இங்கேயே வந்து தங்கினார்கள், அதுதான் காரணம் என்பார் நான்காமவர். முத்தலாக் சட்டம் நிறைவேறியது ஜூலை கடைசியில், காஷ்மீர் பற்றிய அறிவிப்பு வந்தது வாக்குப்பதிவு நாளன்றே. இவற்றை யாரும் மறக்க மாட்டார்கள். முஸ்லிம் வாக்காளர்கள் அதிகமுள்ள வாணியம்பாடியும் ஆம்பூரும் கொடுத்த முன்னிலைதான் திமுகவைக் கரை சேர்த்தது என்பதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

இந்த ஐந்துமே உண்மையாக இருக்கலாம். எதற்கு எவ்வளவு எடை என்று பிரித்தெடுப்பதுதான் ஆராய்ச்சி. அதற்கு வேலூர் ஒரு அபூர்வமான வாய்ப்பைக் கொடுத்திருக்கிறது. நாடாளுமன்றத் தேர்தல் ரத்தானாலும், குடியாத்தம், ஆம்பூர் சட்டமன்ற இடைத்தேர்தல்கள் ஏப்ரல் 18 அன்று திட்டமிட்டபடி நடந்தன. அதாவது இந்த இரண்டு ஊர்களிலும் அதே வாக்காளர்கள், அநேகமாக அதே பள்ளிக்கூடச் சாவடிகளில், ஏப்ரலில் ஒரு தடவையும் ஆகஸ்டில் ஒரு தடவையும் ஓட்டுப் போட்டார்கள். நடுவில் நாலு மாதம் கூட இல்லை. வேலூர், அணைக்கட்டு, கீழ்வைத்தினான்குப்பம், வாணியம்பாடி ஆகிய நான்கிலும் ஆகஸ்டில் மட்டும். உலகத்தில் எங்கே தேடினாலும் இப்படி ஒரு ஒப்பீடு சுலபத்தில் கிடைக்காது. சாவடி வாரியான முடிவுகளைப் படிவம் 20 என்பார்கள். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் அவை கிடைக்கும். குடியாத்தத்தின் ஏப்ரல் தாளையும் ஆகஸ்ட் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சாவடி சாவடியாக ஒரு எக்செல் தாளில் ஏற்றிப் பாருங்கள். இரண்டு தேர்தலுக்கும் வேட்பாளர் வேறு, பதவியும் வேறு என்பதை மறக்காதீர்கள். எந்த விளக்கம் எந்தச் சாவடியில் உடைகிறது என்று உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும். இதைச் செய்ய யார் அனுமதியும் வேண்டாம்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முஸ்லிம் வாக்காளர்கள் அதிகமுள்ள ஆம்பூர்ச் சாவடி ஒன்றில் ஒரு கட்சிக்கு நிறைய ஓட்டு விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே ‘முஸ்லிம்கள் அந்தக் கட்சிக்குப் போட்டார்கள்’ என்று எழுதக் கை துடிக்கும். படிவம் 20 அதைச் சொல்லவில்லை. அந்தச் சாவடியில் யார் எதற்குப் போட்டார்கள் என்று அந்தத் தாளுக்குத் தெரியாது, மொத்தம் மட்டும்தான் தெரியும். கூட்டத்தின் கணக்கை வைத்துத் தனி ஆளின் நடத்தையை முடிவு கட்டினால் எவ்வளவு தப்பாகப் போகலாம் என்று வில்லியம் ராபின்சன் என்ற சமூகவியலாளர் 1950இலேயே அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை வைத்துக் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமாக இருந்த மாநிலங்களில் எழுத்தறிவும் அதிகமாக இருந்தது. ஆனால் தனி ஆளாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு எழுத்தறிவு குறைவு! அவர்கள் போய்க் குடியேறிய இடங்கள்தான் படிப்பறிவு அதிகமுள்ள மாநிலங்கள். நம் ஊடகங்களில் வரும் ‘இந்தச் சாதி இத்தனை சதவீதம் இங்கே போட்டது’ என்ற கணக்குகளில் பாதி இந்தப் பள்ளத்தில் விழுந்தவைதான். மீதியை நம்பலாமா என்பது அந்தக் கருத்தாய்வு எப்படி எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது.

கருத்தாய்வு என்றதும் பணம் பற்றிய கேள்வி வருகிறது. எங்கள் துறையில் இதற்கு அழகான ஒரு முறை உண்டு. வாக்காளர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். முதல் குழுவிடம், தேர்தல் சமயத்தில் நடக்கும் நாலு சாதாரண விஷயங்களைச் சொல்லி, ‘இதில் உங்களுக்கு எத்தனை நடந்தது? எது என்று சொல்ல வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும்’ என்று கேட்பார்கள். இரண்டாவது குழுவுக்கு அதே நாலோடு ஐந்தாவதாகப் ‘பணமோ பொருளோ தந்தார்கள்’ என்பதும் சேரும். இரண்டு குழுக்களின் சராசரிகளுக்கு இடையிலான வித்தியாசமே, பணமோ பொருளோ போய்ச் சேர்ந்தவர்களின் விகிதம். தனி ஆள் யாரும் மாட்டிக்கொள்வதில்லை. நிகராகுவாவில் 2008 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு இப்படிக் கேட்டபோது 24 சதவீதம் வந்தது. நேராகக் கேட்டதற்கு ஒத்துக்கொண்டவர்கள் வெறும் 2 சதவீதம்.

ஆனால் இதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து நம் ஊரில் வைக்க முடியாது என்பது என் கருத்து. இங்கே பணம் வந்ததை யாரும் பெரிதாக மறைப்பதில்லை. ‘பக்கத்துத் தெருவுக்கு வந்துச்சு, எங்களுக்கு வரலை’ என்று வாசலில் நின்றே குறை சொல்வார்கள். மறைப்பது வேறு இடத்தில் இருக்கிறது: வாங்கிய பிறகு யாருக்குப் போட்டார்கள், வாங்காமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும், கையில் கொடுத்த உள்ளூர்க்காரரிடம் அடுத்த ஐந்து வருடம் எப்படி நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால் கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியமான கேள்வி. அதைக் கேட்க, குடியாத்தத்துப் பீடித் தொழிலாளியோடும் கைத்தறிக்காரரோடும் பொறுமையாக உட்கார்ந்து பேசத் தெரிந்த ஆள் வேண்டும். எண்ணும் வேண்டும், பேச்சும் வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பெருமை பேசும் சண்டை எங்கள் துறையில் நிறைய உண்டு. அதில் கலந்துகொள்ளாதீர்கள்.

சரி, கணக்கு. நீங்கள் பயப்படும் கணக்கு இங்கே தேவையில்லை. பிளஸ் டூ கால்குலஸ் வராமலே நல்ல தேர்தல் ஆய்வாளர் ஆகலாம். வேண்டியது புள்ளியியல்: சராசரி, பரவல், மாதிரி எடுப்பது, பிழை வரம்பு, ஒரு காரணியை நிலையாக வைத்து இன்னொன்றைப் பார்ப்பது. ஆர் என்ற மென்பொருள் இலவசம், சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். டெல்லியில் 1963இல் ரஜினி கோத்தாரி தொடங்கிய வளரும் சமூகங்கள் ஆய்வு மையத்தின் லோக்நிதி திட்டம், இளம் ஆய்வாளர்களுக்கு இதற்கென்றே கோடைப் பயிற்சி நடத்துவது வழக்கம். எம்.ஏ.வில் சேர்ந்ததும் அதற்கு யார் விண்ணப்பிக்கலாம் என்று பாருங்கள். அவர்களுடைய களப்பணியில் ஒரு பழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று வாயால் கேட்க மாட்டார்கள். ஒரு மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, முத்திரை போட்டு, மடித்து, கையோடு கொண்டுபோன பெட்டியில் போடச் சொல்வார்கள். வீட்டு ஆட்கள் சுற்றி நின்றாலும் ஒரு பெண் தன் பதிலைத் தனியாகச் சொல்லலாம்.

ரகசியம் பற்றிச் சொல்லும்போது, படிவம் 20இன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். காகித வாக்குச்சீட்டு இருந்தபோது பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணும் முறை இருந்தது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க மின்னணு இயந்திரம் வந்தபின், ஒவ்வொரு சாவடியின் முடிவும் தனித்தனியாக வெளியே தெரிகிறது. எங்களுக்கு அது பொக்கிஷம். ஆனால் ஒரு காலனிக்கோ மலைக்கிராமத்துக்கோ மட்டும் தனிச் சாவடி இருந்தால், அந்த மக்கள் மொத்தமாக யாருக்குப் போட்டார்கள் என்று ஜெயித்தவருக்கும் தெரிந்துவிடும். அணைக்கட்டுத் தொகுதியில் பீஞ்சமந்தை மாதிரியான மலை ஊராட்சிகளை நினைத்துப் பாருங்கள். பல இயந்திரங்களின் எண்ணிக்கையைச் சேர்த்துக் காட்டும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015இல் பரிந்துரைத்தது. இன்னும் வரவில்லை. அது வந்தால் என் மாதிரி ஆட்களின் ஆராய்ச்சிக்குப் பெரிய இழப்புதான். இருந்தாலும் வர வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. இப்போதைக்கு நாம் செய்யக்கூடியது, எழுதும்போது சிறிய சாவடிகளை அடையாளம் தெரியாமல் சேர்த்து எழுதுவது.

இதுவரை சொன்னது வாக்காளர் பக்கம். நீங்கள் அமைப்புகளையும் கேட்டிருக்கிறீர்கள். வரலாறு படித்த உங்களுக்கு அந்தப் பக்கம்தான் ஒருவேளை இன்னும் பொருத்தமாக இருக்கும். வேலூர்த் தேர்தல் ரத்தானபோது, அதை எதிர்த்துப் போன மனு உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதற்கான வேர் 1952இல் நாமக்கல்லில் இருக்கிறது. வேட்புமனு தள்ளுபடியான பொன்னுசாமி என்பவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். தேர்தல் என்பது அறிவிப்பிலிருந்து முடிவு வரை ஒரே தொடர் நிகழ்வு, நடுவில் நீதிமன்றம் தலையிடாது, முடிந்த பிறகு தேர்தல் மனு மூலமாகத்தான் கேட்கலாம் என்று தீர்ப்பு வந்தது. குடியரசின் முதல் பொதுத்தேர்தலின்போதே வந்த தீர்ப்பு, இன்றுவரை அதன் மேல்தான் எல்லாம் நிற்கிறது. ஆணையத்தின் அதிகாரம் எதுவரை போகும் என்பதற்கு 1977 டிசம்பரில் தீர்ப்பு வந்த மொகிந்தர் சிங் கில் வழக்கைப் படிக்க வேண்டும். தீர்ப்புகளைப் படிக்கச் சட்டக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றத்தின் தளத்தில் இலவசமாக இருக்கின்றன, நிதானமாகப் படித்தால் புரியும்.

உங்கள் ஊரே இன்னொரு பாடம். 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சர் ஆனபோது அவர் சென்னை சட்டமன்றத்தில் உறுப்பினராக இல்லை. ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஒரு அவையில் உறுப்பினராக வேண்டும். அவருக்கு முன்பிருந்த ராஜாஜி மேலவைக்கு நியமனம் பெற்று வந்தவர். காமராஜர் அந்த வழியை எடுக்காமல் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். திமுக அவரை ஆதரித்தது, கம்யூனிஸ்டுகள் எதிர்த்து நின்றார்கள், அவர் வென்றார். விருதுநகர்க்காரர் ஏன் குடியாத்தத்தைத் தேர்ந்தெடுத்தார், மேலவை நியமனம் என்ற வசதி இருந்தபோது நேரடித் தேர்தலுக்குப் போனது மற்ற தலைவர்களின் நடத்தையை மாற்றியதா என்பதெல்லாம் வெறும் வாழ்க்கை வரலாற்றுச் செய்திகளாகவே நின்றுவிட்டன. இவை ஆராய்ச்சிக் கேள்விகள். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், சென்னையில் ரோஜா முத்தையா நூலகமும் இருக்கின்றன. அந்தக் காலத்துத் தமிழ்ப் பத்திரிகைகளை வேகமாகப் படிக்கத் தெரிந்தவருக்கு அங்கே பெரிய புதையல்.

நம் பழைய வட ஆர்க்காடு மாவட்டம் அரசியல் அறிவியலுக்குப் புதிய இடமே இல்லை. 1952இல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸுக்கு 375க்கு 152 இடம்தான் கிடைத்தது. வட ஆர்க்காட்டில் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடமும், தென்னார்க்காட்டில் ராமசாமிப் படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 இடமும் பிடித்தன. வன்னியர் சங்கத்திலிருந்து பிறந்த இந்த இரு கட்சிகளின் ஆதரவும் ராஜாஜி அமைச்சரவைக்குத் தேவைப்பட்டது. மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரும் ஆனார். லாயிட் ருடால்ஃப், சூசன் ருடால்ஃப் என்ற அமெரிக்கத் தம்பதியினர் இதை வைத்து 1960இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சாதிச் சங்கம் என்பது பழைய சாதியின் எச்சம் மட்டும் இல்லை, மக்களாட்சிக்குள் நுழைய எளிய மக்கள் கண்டுபிடித்த ஒரு புது அமைப்பு என்பது அவர்கள் வாதம். அப்போதிலிருந்து இந்திய அரசியல் படிக்கும் யாரும் அந்த வாதத்தைத் தாண்டாமல் போக முடியாது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. சங்கம் வைத்துக்கொள்ளும் அளவுக்கு நிலமும் ஆள் எண்ணிக்கையும் இல்லாத சாதிகளின் கதை அதற்குள் வரவில்லை. ஆனாலும் உலகம் முழுவதும் ஓடிய ஒரு விவாதத்தில் நம் மாவட்டத்தின் பங்கு இவ்வளவு என்று இங்கே படிக்கும் மாணவர்கள் பலருக்குச் சொல்லப்படுவதே இல்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இன்னொரு பாரம்பரியம் பொருளாதாரப் பக்கத்தில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தன் மாணவர்களை அனுப்பி ஆராய்ந்த கிராமங்களில் செய்யாறு பக்கத்துத் தூசியும் ஒன்று. பிற்பாடு வந்தவர்கள் அந்தக் கிராமங்களைத் திரும்பத் திரும்ப ஆராய்ந்தார்கள். பார்பரா ஹாரிஸ்-வைட் என்ற ஆய்வாளர் ஆரணியின் வியாபாரத்தை 1973இலிருந்து பல பத்தாண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார். அரிசி மண்டியும் பட்டும் எப்படி மாறின என்று நமக்குத் தெரியும். அதே ஆரணியில் கட்சிக் கிளைகள், வார்டு கவுன்சிலர்கள், வியாபாரச் சங்கங்கள் அரசியலில் எப்படி மாறின என்று அதே பொறுமையோடு பின்தொடர்ந்தவர் யார்? ஒரே ஊரை நீண்ட காலம் பார்ப்பதற்கு ஈடான முறை எதுவும் இல்லை என்று நான் நம்புகிறேன்.

இப்போது நான் உங்களுக்கு மனதார சிபாரிசு செய்யும் தலைப்பு. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அது இழுத்துக்கொண்டே போய், 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. ஆனால் அதற்குள் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகிவிட்டது. புதிதாகப் பிரிந்த மாவட்டங்களில் முதலில் வார்டு எல்லைகளை வரையறுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதால், இந்த மூன்று உட்பட ஒன்பது மாவட்டங்கள் விடுபட்டன. இங்கே வாக்குப்பதிவு நடந்தது 2021 அக்டோபரில். ஐந்து வருடம், ஒரு முழுப் பதவிக்காலம், நம் கிராமங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான். பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலைக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்னதாகவே தலைவர்கள் வந்துவிட்டார்கள்.

அந்த இரண்டு வருடத்தில் கொரோனாவும் வந்தது. தலைவர் இருந்த ஊராட்சியும் தனி அலுவலர் இருந்த ஊராட்சியும் அந்த நாட்களில் எப்படி நடந்தன? குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, நூறு நாள் வேலை, இறப்புச் சான்றிதழ், எதில் வித்தியாசம் தெரிந்தது? ஒருவேளை எதிலுமே தெரியவில்லை என்றால் அதுவும் பெரிய கண்டுபிடிப்பு. திருவண்ணாமலையும் வேலூரும் 1989 வரை ஒரே வட ஆர்க்காடு மாவட்டம், அதனால் ஒப்பீடு ஓரளவு நியாயமானது. மாவட்ட எல்லையின் இரு பக்கமும் பக்கத்தில் பக்கத்தில் உள்ள ஊராட்சிகளை ஜோடி ஜோடியாக எடுக்கலாம். மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் பெண் தலைவர் இடஒதுக்கீடு சுழற்சி முறையில் விழுந்ததை வைத்து ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டூஃப்லோவும் 2004இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வும் இதே மாதிரி ஒப்பீட்டில்தான் நிற்கிறது. பெண்கள் தலைமை ஏற்ற இடங்களில் குடிநீருக்கு அதிகம் செலவானது என்று அவர்கள் காட்டினார்கள். ஊராட்சிப் பதிவேடுகளைப் பார்க்கத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்களிடமும் ஊராட்சிச் செயலரிடமும் பேச உங்களுக்குத் தமிழும், எல்லைப் பக்கத்தில் கொஞ்சம் தெலுங்கும் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர் வேலைக்கு உருது கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.

அடுத்து, நடைமுறை. பி.ஏ. வரலாறு தடையில்லை. எம்.ஏ. அரசியல் அறிவியலுக்கு வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்களையும் பல இடங்களில் எடுத்துக்கொள்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகம், சென்னை மாநிலக் கல்லூரி, தாம்பரம் கிறித்துவக் கல்லூரி, புதுச்சேரி, ஹைதராபாத், ஜே.என்.யூ. ஆகியவற்றைப் பாருங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். அங்கே கட்டணமும் விடுதியும் தனியார் நிறுவனங்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். முடிந்தால் தமிழ்நாட்டுக்கு வெளியே இரண்டு வருடம் படியுங்கள் என்பேன். நம் திராவிடக் கட்சி அரசியலை உலகின் இயல்பு என்று நினைத்துக்கொண்டிருப்போம். தெலங்கானாக்காரரும் பீகார்க்காரரும் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டால்தான் அது எவ்வளவு தனித்தன்மையானது என்று புரியும்.

எம்.ஏ. இரண்டாம் ஆண்டிலேயே நெட் எழுதலாம். அரசியல் அறிவியல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும், அதனால் ஆங்கிலத்தில் வேகமாகப் படிக்கும் பழக்கத்தை இன்றைக்கே தொடங்குங்கள். அந்தத் தேர்வின் மூலம் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. குடும்பத்துக்கு நீங்கள் பாரமாக இருக்க மாட்டீர்கள். ஆனால் பணம் மாதாமாதம் ஒன்றாம் தேதி வரும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு வருடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை விஷயத்தில் பொய் சொல்ல மாட்டேன். நிரந்தரப் பேராசிரியர் பணி குறைவு. நம் பக்கத்தில் அரசியல் அறிவியல் துறை உள்ள கல்லூரிகளே கொஞ்சம்தான். பலர் வருடக்கணக்கில் கௌரவ விரிவுரையாளராகக் குறைந்த சம்பளத்தில் இருக்கிறார்கள், அது ஒரு அநியாயம். பெண்களுக்குக் களப்பணியும் திருமண நெருக்கடியும் ஒரே வயதில் வந்து நிற்கும் என்பதையும் தெரிந்தே சொல்கிறேன். மறுபக்கம், இந்தப் பயிற்சி உள்ளவர்களுக்குப் பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் இடம் உண்டு. வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களை அலசும் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம், சட்டமன்ற, நாடாளுமன்றப் பணிகளைப் பின்தொடரும் பி.ஆர்.எஸ்., அசோகா பல்கலைக்கழகத்தின் திரிவேதி தரவு மையம், பத்திரிகைகளின் தரவுப் பிரிவுகள் இவற்றையெல்லாம் பார்க்கலாம். அடையாற்றில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1971இல் அதை நிறுவிய மால்கம் ஆதிசேசய்யா வேலூரில் பிறந்தவர்தான். கட்சிகளுக்கு வியூகம் வகுக்கும் நிறுவனங்கள் நல்ல சம்பளம் தரும், வேலையும் சீக்கிரம் கற்றுத்தரும். ஆனால் அங்கே சேகரிக்கும் தரவு உங்களுடையது ஆகாது, தப்பாக வந்த முடிவை வெளியில் சொல்லவும் விடமாட்டார்கள். ஆராய்ச்சிதான் ஆசை என்றால் முதல் வேலையாக அதை எடுக்காதீர்கள்.

அப்பாவின் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த வேலைக்குக் கட்சி உறுப்பினர் அட்டை தேவையில்லை, இல்லாமல் இருப்பதுதான் நல்லது. உங்களுக்கு ஓட்டு இருக்கும், கருத்து இருக்கும். களத்தில் எல்லாக் கட்சிக்காரரும் உங்களிடம் கதவைத் திறக்க வேண்டும் என்றால், எந்தக் கட்சி மேடையிலும் உங்களைப் பார்த்திருக்கக் கூடாது. வாக்குச்சாவடிக்குள் அனுமதிக் கடிதம் இல்லாமல் ஆய்வாளர் நுழைய முடியாது, தேர்தல் ஆணையம் தடை அறிவித்திருக்கும் காலத்தில் வாக்குக்கணிப்பு வெளியிடுவது குற்றம், இப்படிச் சில சட்ட எல்லைகள் உண்டு. அவற்றை மதித்து நடந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

எம்.ஏ. சேர்வதற்கு முன் இந்த விடுமுறையில் ஒன்று செய்யுங்கள். மேலே சொன்ன குடியாத்தம் ஏப்ரல், ஆகஸ்ட் தாள்களை எடுத்து நாலு பக்கக் கட்டுரை ஒன்று எழுதுங்கள். முதல் பக்கத்தில் கேள்வி, இரண்டாவதில் மக்கள் சொல்லும் விளக்கங்கள், மூன்றாவதில் எண்கள் எந்த விளக்கத்தோடு ஒத்துப்போகவில்லை என்பது, நான்காவதில் எண்களால் சொல்ல முடியாதது எது, அதைத் தெரிந்துகொள்ள யாரிடம் போய்ப் பேசுவீர்கள் என்பது. தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலத்தில் நீங்களே திரும்ப எழுதுங்கள். பிற்காலத்தில் வழிகாட்டி தேடும்போது, ‘ஜனநாயகத்தில் ஆர்வம் உண்டு’ என்று எழுதும் கடிதங்களோடு உங்களுடையது சேராது. என் மேசைக்கு அப்படிப்பட்ட நாலு பக்கம் வந்தால், மற்ற வேலையை ஒதுக்கிவைத்து அன்றைக்கே படித்துப் பதில் போடுவேன்.